நான்கு ரெண்டர் கணினிகளை இணைத்த ஒரு ஸ்விட்ச்: ஒன்பது மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த ஒன்பது மாதங்களாக என் பணியறையில் நான்கு கணினிகள் சேர்ந்து ரெண்டர் செய்து, அதாவது முப்பரிமாணக் காட்சிகளைக் கணக்கிட்டுப் படங்களாக்கி, வருகின்றன. ஐந்தாவதாக ஒரு பழைய கணினி கோப்புகளை வைத்துக்கொண்டு அந்த நான்குக்கும் வழங்குகிறது. இவற்றை இணைப்பதற்கு நான் தேர்ந்தெடுத்தவை இரண்டு. ஒன்று, எட்டு போர்ட்டுகள் கொண்ட, அமைப்புப் பக்கம் எதுவும் இல்லாத எளிய 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச், அதாவது கணினிகளின் வலையமைப்புக் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி. மற்றொன்று, பிளெண்டர் ஸ்டுடியோ உருவாக்கிக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டிருக்கும் ஃபிளமென்கோ; பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் ரெண்டர் வேலைகளைப் பல கணினிகளுக்குப் பங்கிடுவது அது. இரண்டுமே தத்தம் வேலையைச் சரியாகச் செய்கின்றன, இரண்டையும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அவற்றின் முழுப் பயனும் எனக்குக் கிடைத்தது, செலவையும் கவனத்தையும் எல்லாக் கணினிகளுக்கும் சமமாகப் பங்கிடுவதை விட்டுவிட்டு, அவை அனைத்தும் வந்து கூடும் ஓரிடத்தில், அதாவது கோப்புகளை வைத்திருக்கும் கணினியின் வட்டிலும் அதன் வலையமைப்பு அட்டையிலும், செலுத்திய பிறகுதான்.

முதலில், ரெண்டர் வேலையில் வலையமைப்பு எப்போது உழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. ஒரு ஃபிரேம், அதாவது அசைபடத்தின் ஒரு தனிப் படம், கணக்கிடப்படும் நிமிடங்களில் கேபிளில் ஏறக்குறைய எதுவும் ஓடுவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டும் செயலியும்தான் உழைக்கின்றன. கேபிளுக்கு வேலை வருவது வேலையின் தொடக்கத்தில், காட்சிக் கோப்பும், பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களான டெக்ஸ்சர்களும், துணி, புகை போன்றவற்றின் அசைவை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமித்த உருவகக் கேச்சுகளும் ஒரே மூச்சில் படிக்கப்படும்போது. முடிவில் எழுதப்படும் படம் அதனோடு ஒப்பிட்டால் சிறியது: 1920க்கு 1080 அளவில், நான்கு சேனல்களை 16 பிட்டில் சுருக்காமல் எழுதினாலும் ஓபன்இஎக்ஸ்ஆர் என்ற பட வடிவத்தில் ஒரு படம் சுமார் 16.6 மெகாபைட்தான். ஆகவே சராசரிப் போக்குவரத்தைப் பார்த்து, சாதாரண ரவுட்டரே இதற்குப் போதும் என்று முடிவு செய்தால் கணக்கு தவறிவிடும். நான்கு கணினிகளும் ஒரே நொடியில் கோப்பைக் கேட்டு நிற்கும் அந்தத் தருணத்துக்குத்தான் வலையமைப்பை வடிவமைக்க வேண்டும்.

என் கட்டடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டெக்ஸ்சர்களோடு சேர்த்து அது ஏறத்தாழ 6 ஜிகாபைட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 1 ஜிகாபிட் இணைப்பு காகிதத்தில் நொடிக்கு 125 மெகாபைட் தர வேண்டும். கோப்புப் பகிர்வில் நடைமுறையில் கிடைப்பது 110 முதல் 115 வரை. ஒரே ஒரு கணினி படித்தால் அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. நான்கும் சேர்ந்து படிக்கும்போது, ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி கேபிள் இருந்தாலும், சேமிப்புக் கணினியிலிருந்து வெளியே வருவது ஒரே கேபிள்தான். நொடிக்கு 112 மெகாபைட் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 28 ஆகிறது. காத்திருப்பு மூன்றரை நிமிடமாக நீள்கிறது. ஒரு ஃபிரேம் கணக்கிட நான்கு நிமிடம் ஆகும் வேலையில் மூன்றரை நிமிடம் ஏற்றுவதற்கே போனால், நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கி இரண்டின் வேலையைத்தான் பெறுகிறோம்.

நான் முதலில் செய்ய நினைத்தது எல்லாக் கணினிகளிலும் 2.5 ஜிகாபிட் அட்டை பொருத்துவது. அது தேவைப்படவில்லை. சேமிப்புக் கணினியில் மட்டும் ஓர் அட்டையைப் பொருத்தி, ஸ்விட்சை மாற்றினேன். ரெண்டர் கணினிகள் நான்கும் அவற்றின் தாய்ப்பலகையில் இருக்கும் பழைய 1 ஜிகாபிட் போர்ட்டிலேயே தொடர்கின்றன. இப்போது வெளியே வரும் நொடிக்கு ஏறத்தாழ 280 மெகாபைட் நான்காகப் பிரிந்து ஆளுக்கு 70 ஆகிறது, அது 1 ஜிகாபிட் கேபிளுக்குள் தாராளமாக அடங்குகிறது. அதே காட்சி ஒன்றரை நிமிடத்துக்குள் நான்கு கணினிகளுக்கும் வந்து சேர்கிறது. ஒரே ஓர் அட்டையில் கிடைத்த இந்த முன்னேற்றம் இந்த அமைப்பில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்த பகுதி.

ஆனால் கேபிள் அகலமானவுடன் குறை வட்டுக்கு நகர்ந்தது. சேமிப்புக் கணினியில் அதுவரை இருந்தது ஹார்ட் டிஸ்க். அது ஒரு கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் தந்தாலும், நான்கு கணினிகள் நான்கு வெவ்வேறு டெக்ஸ்சர்களை ஒரே நேரத்தில் கேட்கும்போது, படிக்கும் முனை வட்டின் மேல் அங்குமிங்கும் அலைந்து வேகம் சரிந்துவிடுகிறது. நடப்பு வேலைகளுக்காக சுழலும் பாகம் இல்லாத ஓர் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, ஹார்ட் டிஸ்க்கை முடிந்த வேலைகளுக்கு ஒதுக்கிய பிறகு இந்தச் சிக்கல் தீர்ந்தது. சேமிப்புக் கணினியில் ரேம் தாராளமாக இருப்பதும் உதவுகிறது: ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், இரண்டாவது கணினி அதே டெக்ஸ்சரைக் கேட்கும்போது வட்டைத் தொடாமலேயே கொடுத்துவிடுகிறது. செயலி மட்டும் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை.

இனி ஸ்விட்சைப் பற்றி. இந்த வகை ஸ்விட்சில் தட்டச்சு செய்து அமைப்பதற்கு எதுவும் இல்லை. கேபிளைச் செருகினால், இரு முனைகளும் தம்முள் பேசி, தமக்கு இயன்ற உயர்ந்த வேகத்தில் இணைந்துகொள்கின்றன. 2.5 ஜிகாபிட்டுக்கான தரநிலை 2016இல் வந்தது. அதன் நோக்கமே ஏற்கெனவே சுவர்களில் ஓடும் கேட் 5இ என்ற வகைக் கேபிளில் 100 மீட்டர் வரை அந்த வேகத்தைக் கொண்டுசெல்வது என்பதால், என் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையில் இருந்த பழைய கேபிளை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 10 ஜிகாபிட்டுக்குப் போவதென்றால் கேட் 6 கேபிள் 55 மீட்டர் வரைதான் தாங்கும், முழு 100 மீட்டருக்கு கேட் 6ஏ வேண்டும்; அட்டைகளும் ஸ்விட்சும் அதிகச் சூடாகும். நான்கைந்து கணினிகள் உள்ள வீட்டுக்கு அந்தச் செலவு தேவை என்று நான் கருதவில்லை. நான் வாங்கிய ஸ்விட்சில் மின்விசிறி இல்லை, ஆகவே ஓசையும் இல்லை. அதன் உலோக உறை இரவு முழுவதும் வேலை ஓடிய பின் வெதுவெதுப்பாக இருக்கிறது, கை வைக்க முடியாத சூடு இல்லை. அலமாரிக்குள் அடைத்து வைக்காமல் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

ஸ்விட்சின் முகப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு சிறு விளக்குகள் உள்ளன. வலப்பக்க விளக்கு தரவு ஓடும்போது சிமிட்டும். இடப்பக்க விளக்கு 1 ஜிகாபிட்டும் அதற்கு மேலும் இணைந்திருந்தால் எரியும். விலைப் பட்டியலில் யாரும் பேசாத இந்த இடப்பக்க விளக்குதான் எனக்கு ஒரு வாரத் தலைவலியை முடித்து வைத்தது. மூன்றாம் கணினி மற்ற மூன்றையும்விடக் குறைவான ஃபிரேம்களையே முடித்துக்கொண்டிருந்தது. அதன் கிராஃபிக்ஸ் கார்டைச் சோதித்தேன், டிரைவரை மாற்றினேன், தூசி தட்டினேன்; பலன் இல்லை. ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு வெளியேறும்போது இருட்டில் ஸ்விட்சைப் பார்த்தேன். ஐந்து இடங்களில் இரண்டிரண்டு புள்ளிகள் எரிய, மூன்றாம் கணினியின் போர்ட்டில் வலப்பக்கப் புள்ளி மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. கேபிளைப் பின்தொடர்ந்து போனால், நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி ஓரிடத்தில் அது தட்டையாகியிருந்தது. உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக ஓடுகின்றன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். 1 ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஓர் இணை அறுந்ததும் இணைப்பு துண்டிக்கப்படாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவியால் அளந்தபோது நொடிக்கு 94 மெகாபிட் வந்தது. புதிய கேபிளைச் செருகியதும் 941. அந்த 6 ஜிகாபைட் காட்சியை அந்த ஒரு கணினி மட்டும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால் இந்த அமைப்பை உருவாக்குபவர்கள் முதல் ரெண்டரைத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கணினியிலிருந்தும் சேமிப்புக் கணினிக்கு ஐபெர்ஃப்3 ஓட்டி, கிடைத்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். பின்னர் ஏதாவது மந்தமானால் ஒப்பிடுவதற்கு அந்த எண் கையில் இருக்கும். கேபிள் வாங்கும்போது கம்பி முழுச் செம்பா என்று பாருங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பிகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன. அவை தரநிலைக்குள் அடங்குவதில்லை, வளைத்தால் எளிதில் முறியவும் செய்கின்றன. வை-ஃபையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எல்லாக் கருவிகளும் ஒரே காற்றலையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால், நான்கு கணினிகள் ஒரே நேரத்தில் கோப்பு கேட்கும் இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல. ஐ.பி. முகவரியைப் பொறுத்தவரை, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டேன். ஒருமுறை செய்தால் போதும்.

ஃபிளமென்கோவுக்கு வருகிறேன். இதன் மூன்றாம் பதிப்பு 2022இல் வெளிவந்தது. இதில் இரண்டு நிரல்கள் உள்ளன: வேலையைப் பங்கிடும் மேனேஜர், வேலையைச் செய்யும் வொர்க்கர். மேனேஜரைச் சேமிப்புக் கணினியில் இயக்கினேன். உலாவியில் 8080 என்ற போர்ட் எண்ணில் திறக்கும் பக்கம், பகிர்வுக் கோப்புறை எங்கே, பிளெண்டர் எங்கே என்று கேட்டு அமைப்பை முடித்துக்கொள்கிறது. நான்கு கணினிகளிலும் வொர்க்கரை இயக்கியதும் மூன்று தாமாகவே மேனேஜரைக் கண்டுபிடித்துவிட்டன. ஒன்றின் ஃபயர்வால் அந்தத் தேடலைத் தடுத்ததால் அதன் அமைப்புக் கோப்பில் மேனேஜரின் முகவரியை ஒரு வரியில் எழுத வேண்டியிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கான ரெண்டர் மேலாளர்கள் சிலவற்றில் தரவுத்தளத்தைத் தனியாக நிறுவ வேண்டிய தொல்லை உண்டு. இதில் தரவுத்தளம் ஒரே கோப்பாக உள்ளேயே இருக்கிறது. மதிய உணவுக்கு முன் தொடங்கி, உணவு முடிந்து வந்து முதல் வேலையை அனுப்பினேன்.

பிளெண்டருக்குள் ஓர் இணைப்பு நிரலை நிறுவினால், வெளியீட்டுப் பண்புகளுக்கு அடியிலிருந்தே வேலையை அனுப்பலாம். அங்கே கேட்கப்படும் எண்களுள் ஒன்று, ஒரு பணிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. இந்த எண்ணின் மேல் நேரம் செலவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். ஒரு பணி தொடங்கும்போது பிளெண்டர் புதிதாகத் திறக்கிறது, காட்சியை முழுமையாக ஏற்றுகிறது. பணி முடிந்ததும் மூடிக்கொள்கிறது. ஒரு பணிக்கு ஒரு ஃபிரேம் என்று விட்டால், 240 ஃபிரேம் வேலையில் காட்சி 240 முறை ஏற்றப்படும். பத்து ஃபிரேம் என்று வைத்தால் 24 முறைதான். கூடவே, காட்சியின் செயல்திறன் பகுதியில் உள்ள பெர்சிஸ்டன்ட் டேட்டா என்ற தேர்வைச் செயல்படுத்தினால், அதே பணிக்குள் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையில் டெக்ஸ்சர்கள் நினைவகத்திலேயே தங்கும். அதற்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதால் கிராஃபிக்ஸ் கார்டின் அளவைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். அதற்காகப் பணியை மிகப் பெரிதாக்கிவிடவும் கூடாது. ஐம்பது ஃபிரேம் கொண்ட பணியை மெதுவான கணினி கடைசியாக எடுத்துக்கொண்டால், மற்ற மூன்றும் வேலையின்றி அதற்காகக் காத்திருக்கும். என் வேலைகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை பொருத்தமாக இருக்கிறது.

ஒரு கணினி பணியில் தோல்வியுற்றால் ஃபிளமென்கோ அதை வேறொரு கணினிக்குக் கொடுக்கிறது. ஒரே கணினி ஒரு வேலையில் திரும்பத் திரும்பத் தோற்றால், அந்த வேலைக்கு மட்டும் அதைத் தள்ளிவைத்துவிட்டு மற்றவற்றோடு தொடர்கிறது. இரவில் தூங்கப் போகும் ஒருவருக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறில்லை. பிஎன்ஜி போன்ற வடிவத்தில் ரெண்டர் செய்தால் இறுதியில் ஃபிரேம்களைச் சேர்த்து ஒரு முன்னோட்ட வீடியோவையும் தருகிறது. ஓபன்இஎக்ஸ்ஆர் வடிவத்துக்கு அந்த முன்னோட்டம் கிடையாது. நான் பெரும்பாலும் அந்த வடிவத்தில்தான் வேலை செய்வதால் இது எனக்கு ஒரு குறை.

தோல்வி என்று பதிவாகாத தவறுகள்தான் உண்மையில் அச்சம் தருபவை. மூன்று கணினிகளில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ் என்ற கலவை என்னுடையது. முதல் நீண்ட வேலை முடிந்த காலையில் படங்களைப் புரட்டினேன். 31 முதல் 40 வரை வரவேற்பறைச் சுவர் முழுவதும் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. 41இல் மீண்டும் காரைச் சுவர். 71 முதல் 80 வரை மறுபடியும் இளஞ்சிவப்பு. பத்துப் பத்தாக வந்ததே விடையைச் சொல்லிவிட்டது: ஒரே கணினி எடுத்த பணிகள் அவை. டெக்ஸ்சரின் பாதை விண்டோஸின் டிரைவ் எழுத்தோடு முழுமையாகப் பதிவாகியிருந்தது, லினக்ஸ் கணினிக்கு அப்படி ஓரிடமே இல்லை. படம் கிடைக்காத டெக்ஸ்சரை பிளெண்டர் அந்த நிறத்தால் நிரப்பிவிட்டு, பணி வெற்றி என்றே முடித்துக்கொள்கிறது. அதன் பிறகு காட்சியில் உள்ள எல்லாப் பாதைகளையும் கோப்பிலிருந்து தொடங்கும் சார்புப் பாதைகளாக மாற்றிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பகிர்வுக் கோப்புறையின் முகவரி இயங்குதளத்துக்கு ஏற்ப மாறுவதை, ஃபிளமென்கோவின் இருவழி மாறிகள் கவனித்துக்கொள்கின்றன: விண்டோஸில் இது, லினக்ஸில் அது என்று மேனேஜரின் அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதினால், வேலையை எங்கிருந்து அனுப்பினாலும் பாதை தானே மொழிபெயர்க்கப்படுகிறது. இப்போது ஒவ்வொரு நீண்ட வேலைக்கும் முன்னால், குறைந்த சாம்பிளில் (தரம் குறைந்தாலும் விரைவாக முடியும் அமைப்பில்), ஒரு பணிக்கு ஒரு ஃபிரேம் வீதம் எட்டு ஃபிரேம்களை அனுப்பி, நான்கு கணினிகளின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே உறங்கப் போகிறேன்.

அதே சோதனை வேறு சிலவற்றையும் காட்டிக்கொடுக்கும். எல்லாக் கணினிகளிலும் பிளெண்டரின் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஆனாலும் அதன் கோப்புறையைப் பகிர்வில் ஓரிடத்தில் வைக்காமல், அதே பதிப்பை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவினேன், திறக்கும் நேரம் மிச்சமாகிறது. துணி, புகை, நீர் போன்ற உருவகங்களை முன்கூட்டியே கணக்கிட்டுக் கேச்சாகச் சேமித்து, அதையும் பகிர்வில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறாவது ஃபிரேமில் இடையில் நுழையும் கணினிக்கு முந்தைய தொண்ணூற்றொன்பதில் நடந்தது எதுவும் தெரியாது. வெளியீடு வீடியோக் கோப்பாக இல்லாமல் தனித்தனிப் படங்களாக இருப்பது இங்கே கட்டாயம்.

ஃபிளமென்கோவின் மேனேஜருக்கு உள்நுழைவுச் சொல் கிடையாது. அதன் பக்கத்தை அடையக்கூடிய எவரும் வேலை அனுப்பலாம். வேலை என்பது கணினியில் கட்டளைகளை ஓட்டுவது. வீட்டுக்குள் நம்பிக்கையான கணினிகள் மட்டும் இருக்கும்வரை இது எளிமை. ரவுட்டரில் அந்த 8080 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால் அதுவே பேராபத்து. வெளியூரிலிருந்து வேலையின் நிலையைப் பார்க்க விரும்புபவர்கள் வி.பி.என். (வீட்டு வலையமைப்புக்குள் பாதுகாப்பாக இணைக்கும் வழி) வழியாக மட்டுமே வர வேண்டும். விருந்தினர்களின் கைபேசிகளுக்கு ரவுட்டரில் தனி வை-ஃபையை ஒதுக்கியிருக்கிறேன்.

மின்சாரத்தையும் வெப்பத்தையும் நான் முதலில் எண்ணிப் பார்க்கவில்லை. கணினிக்கு 500 வாட் என்று கொண்டாலும் நான்கும் சேர்ந்து 2,000 வாட், ஓர் அறைக்குள் ஓயாமல் எரியும் சூடேற்றிக்கு இணை. ஒரே நீட்டிப்புப் பலகையில் நான்கையும் செருகாதீர்கள். அறையின் மின்சுற்று எவ்வளவு தாங்கும் என்று மின்பணியாளரிடம் கேட்டுவிட்டுப் பிரித்து இணையுங்கள். யு.பி.எஸ். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அது சேமிப்புக் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் போகட்டும். ரெண்டர் கணினி நின்றால் சில ஃபிரேம்கள் போகும். சேமிப்புக் கணினி எழுதும் நடுவில் நின்றால் கோப்பே போகலாம்.

பகலில் என் மேசைக் கணினி எனக்கு வேண்டும் என்பதால், ஃபிளமென்கோவின் உறக்க அட்டவணையில் காலை 9 முதல் இரவு 8 வரை அதற்கு ஓய்வு கொடுத்திருக்கிறேன். மற்ற மூன்றையும் வேலை இல்லாத நாள்களில் முழுவதுமாக அணைத்துவிட்டு, தேவைப்படும்போது கேபிள் வழியாகவே எழுப்புகிறேன். இதை ஃபிளமென்கோ செய்வதில்லை, தனியாக ஒரு சிறு கருவி வேண்டும். ஆறு பைட்டுகள் 255 என்ற மதிப்பில், அதைத் தொடர்ந்து அந்தக் கணினியின் வன்பொருள் முகவரி பதினாறு முறை என 102 பைட் செய்தி ஒன்று போனதும், அணைந்திருக்கும் கணினி விழித்துக்கொள்கிறது. தாய்ப்பலகையின் அமைப்பில் இதற்கான தேர்வைச் செயல்படுத்தவும், விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்ற தேர்வை நீக்கவும் வேண்டியிருந்தது. இரண்டு கணினிகள் முதல் முயற்சியிலேயே எழுந்தன. மூன்றாவது, முழுமையாக அணைத்த நிலையிலிருந்து இன்னும் எழவில்லை. உறக்க நிலையிலிருந்து மட்டும் எழுகிறது, ஆகவே அதை அணைக்காமல் உறங்கவே விடுகிறேன்.

கணினிகள் ஐந்தும் ரவுட்டரும் போக ஸ்விட்சில் இரண்டு போர்ட்டுகள் காலியாக உள்ளன. அவற்றில் ஒன்றை, பகிர்வுக் கோப்புறையை ஒவ்வொரு விடியலிலும் நகலெடுத்து வைக்கும் இரண்டாவது சேமிப்புக் கருவிக்கு ஒதுக்கியிருக்கிறேன். காட்சிகள் அனைத்தும் 200, 300 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும் ஒருவருக்கு இந்த ஸ்விட்ச் வேண்டியதில்லை. சேமிப்புக் கணினியோடு சேர்த்து நான்கு கணினிகள் வரை, ரவுட்டரின் பின்புறம் இருக்கும் நான்கு 1 ஜிகாபிட் போர்ட்டுகளும் ஃபிளமென்கோவும் போதும், மிச்சமாகும் பணத்தை எஸ்.எஸ்.டி.க்கு வைத்துக்கொள்ளலாம்.